துஷ்யாவைத் தோய வார்த்தது

மனைவி தனுஷா துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் போன பிறகுதான் மகளின் தலைமயிர் எவ்வளவு பெரிய பொறுப்பு என்று சுரேனுக்குத் தெரிந்தது. அங்கேயுள்ள மருத்துவமனையில் சத்திரசிகிச்சைத் தாதியாவதற்கு அவள் படித்துக்கொண்டிருந்தாள். பனிக்காலம் முடியும்வரை அங்கேதான். சமையல், வீட்டுப்பாடம், சப்பாத்துக்குள் போன பனி எல்லாவற்றையும் சுரேன் ஒருமாதிரிச் சமாளித்தான். ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறவன். உறைந்த தண்டவாளத்தில் அவசரப்படாமல் போகப் பழகியவன். ஆனால் ஏழு வயது துஷ்யாவின் தலைமயிர் சுருண்டு, அடர்ந்து, இடுப்பைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அதற்கு முன்னால் அவனுடைய பொறுமை எடுபடவில்லை.

துஷ்யாவுக்குத் தண்ணீரில் பயம். போன கோடையில் கடலில் நின்றபோது, தூரத்தில் போன படகொன்று எழுப்பிய அலை அவளுடைய தலையை மூடிவிட்டுப் போனது. சுரேன்தான் தூக்கினான். ஒரு கணம்தான். என்றாலும் அன்றிலிருந்து முகத்தில் தண்ணீர் பட்டால் வீடு இரண்டுபடும். தாய் எப்படியோ கதைத்துக் கதைத்துத் தலைக்குத் தோய வார்த்துவிடுவாள். சுரேனுக்கு அந்தக் கதை வரவில்லை. மயிரின் கீழ்ப்பாதியை மட்டும் அவசரமாக நனைத்து, சோப்புப் போட்டு, ஈரத்தோடேயே பின்னிவிடுவான். பிள்ளை அப்படியே படுத்துவிடும். காலையில் அதன்மேல் லூவ என்கிற கம்பளித் தொப்பி. கெட்ட மணம் வருகிறது என்று தோன்றினால் தன்னுடைய வாசனைத் தைலத்தைக் கொஞ்சம் அடித்துவிடுவான்.

ஒரு பின்னேரம் அவளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனான். மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் துஷ்யா வெறுந்தலையோடு நின்றாள். காது இரண்டும் சிவந்திருந்தன.

"லூவ எங்கையம்மா?"

துஷ்யா புத்தகப்பையைக் காட்டினாள். தொப்பி அதன் அடியில் சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது.

"அது மணக்குதாம், அப்பா."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. நான் கழட்டேக்க பக்கத்தில இருக்கிற இங்ரிட் மூக்கைப் பொத்தினவள். பிறகு அவளே மன்னிப்புக் கேட்டவள்."

அவள் அழவில்லை. அதுதான் சுரேனை என்னவோ செய்தது. குனிந்து அவளுடைய உச்சியை முகர்ந்து பார்த்தான். மடித்து வைத்த ஈரத்துணியின் நாற்றம், வியர்வை, முதல்நாள் மீன்குழம்பு, எல்லாவற்றுக்கும் மேலே தன்னுடைய தைலம். தன் தொப்பியைக் கழற்றி அவளுக்குப் போட்டான். அது அவளுடைய கண்களையும் மூடியது. கையைப் பிடித்து, வழி சொல்லிச் சொல்லி, பனிக்குள்ளால் வீட்டுக்குக் கூட்டிவந்தான்.

பிள்ளை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்க, தனுஷாவைத் தொலைபேசியில் அழைத்தான். மறைக்கத்தான் நினைத்திருந்தான். அவளுடைய குரலைக் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"ஈரத்தோட பின்னிப்போட்டுப் படுக்க விட்டனீங்களோ?"

"ஓம்."

"ஐயோ, அதுதான் மணக்குது. ஊத்தை இருக்கிறது மயிரின்ர அடியில. மண்டையில விரல் படவேணும். நுனிக்கு வழிஞ்சு வாற நுரை போதும். பிறகு நல்லாக் காயவிடுங்கோ. தலையணை உறையையும் லூவவையும் தோயுங்கோ, இல்லாட்டித் திருப்பியும் பிடிச்சிடும்."

"அவள் மண்டையில தண்ணி ஊத்த விடுறாள் இல்லையே."

"எனக்கும் ஒவ்வொரு முறையும் கஷ்டம்தான்," என்றாள் தனுஷா. "நான் உங்களுக்குச் சொல்லேல்ல."

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கப் பனி கொட்டியது. காற்றே இல்லை. துஷ்யா குளியலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணுக்குள்ள வரும், அப்பா."

"வராது."

"வரும். தண்ணி மேல இருந்துதானே வருது."

சுரேன் ஷவரைப் பார்த்தான். பிள்ளை சொல்வது சரிதான். மேலேயிருந்து வருகிற எதுவும் முகத்தால்தான் இறங்கும். அப்படியென்றால் முகம் மேலே பார்க்கவேண்டும். அவன் குசினிக்குப் போய், கழுவுதொட்டியில் கிடந்த கோப்பைகளை எடுத்து வைத்து, உடற்பயிற்சிப் பாயைத் தொட்டிக்குப் பக்கத்து மேடையில் விரித்தான். தொட்டி விளிம்பில் துவாயை மடித்து வைத்தான்.

"வாரும், இதில படுத்துப் பாரும். தண்ணி திறக்கமாட்டன்."

மேடையில் படுக்கலாம் என்பதே துஷ்யாவுக்குப் பெரிய புதினம். ஏறிப் படுத்தாள். கழுத்து துவாயில் இருந்தது. தலைமயிர் முழுவதும் தொட்டிக்குள் இறங்கியது. தொட்டிக்கு அப்பால், அவளுடைய உச்சிக்கு நேரே யன்னல். அவள் கண்களை உயர்த்தி, தலைகீழாக வெளியே பார்த்தாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக. "பனி மேல போகுது."

சுரேனும் தலையைச் சரித்துக் குனிந்து பார்த்தான். உண்மைதான். தரை மேலே வெள்ளையாகத் தொங்கியது. பனி அவசரமில்லாமல் அதை நோக்கி எழும்பிக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டிடத்தின் மஞ்சள் விளக்குகள் தலைகீழாக எரிந்தன. மரங்கள் வேரை மேலே வைத்துக்கொண்டு கிளைகளைக் கீழே விரித்திருந்தன.

"எங்கை போகுது எல்லாம்?"

"போய்ப் பாரும். பாத்துச் சொல்லும் எனக்கு."

அவன் குழாயைத் திறந்தான். இளஞ்சூட்டுத் தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் விட்டான். பிறகு அவளுடைய நெற்றியோரத்தில் உள்ளங்கையை அணைபோல வைத்து, மயிரில் விட்டான். துஷ்யாவின் உடல் ஒருமுறை விறைத்தது. தண்ணீர் பின்பக்கமாகவே போனது. முகத்துக்கு ஒரு துளிகூட வரவில்லை.

"அங்கை ஒரு ட்ராம் போகுது," என்றாள். "நீங்கள்தான் ஓட்டுறீங்கள். சில்லு மேல இருக்கு."

"ஆக்கள் விழமாட்டினமோ?"

"இல்லை. எல்லாரும் மிதக்கினம். அம்மாவும் இருக்கிறா. அம்மாவின்ர தலைமயிர் அப்பிடியே விரிஞ்சு நிக்குது."

சுரேன் விரல் நுனிகளால் அவளுடைய மண்டையைத் தேய்த்தான். காதுகளுக்குப் பின்னால், பிடரியில், தொப்பி அழுத்தும் நெற்றி மேட்டில். சின்னத் தலை. அது இவ்வளவு பாரம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. நுரை பெருகித் தொட்டி நிறைந்தது. அறைக்குள் ஆவி எழுந்து யன்னலின் கீழ்ப்பாதி மங்கியது. துஷ்யா சொல்லிக்கொண்டிருந்த நகரம் மெல்ல மெல்லத் தூரமானது. மிதக்கிறவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். பிறகு அவளுடைய குரலும் நின்றது.

குனிந்து பார்த்தான். கண்கள் மூடியிருந்தன, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தலையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, அவள் நித்திரையாகிவிட்டாள்.

அலையிலிருந்து தூக்கியபோது தன் கழுத்தை இறுக்கிய அந்தக் கைகள் இப்போது வயிற்றின்மேல் தளர்ந்து கிடப்பதைச் சுரேன் பார்த்தான். இடக்கையால் அவளுடைய தலையைத் தாங்கிக்கொண்டே அலசினான். நுரை போய், மயிர் விரல்களுக்கிடையில் கிரீச்சிடும்வரை அலசினான். தோள் மரத்துப்போனது. கையை எடுக்க மனம் வரவில்லை.

அவளாகவே விழித்தபோது வெளியே நீலமாக இருட்டியிருந்தது. சோபாவில் இருத்தி, துவாயால் ஒற்றி, அகலப்பல் சீப்பை நுனியிலிருந்து மேலே மேலே கொண்டுபோனான். மயிர் உலர்த்தியின் இளஞ்சூட்டுக் காற்றில் மயிர் அடிவரை காய்ந்த பிறகுதான் பின்னினான். தொப்பி கம்பளிச் சோப்பில் ஊறிக்கொண்டிருந்தது. புதிய தலையணை உறையில் முகத்தைப் புதைத்தவள், "நான் என்னமாதிரி மணக்கிறன்?" என்று கேட்டாள்.

சுரேன் முகர்ந்து பார்த்தான். தைலமும் இல்லை, பூவும் இல்லை. "உம்மைமாதிரி," என்றான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் குசினி மேடை துஷ்யாவுடையதானது. பள்ளிக்கூடத்தில் தொப்பியைக் கழற்றுவதற்கு அவள் யோசிப்பதில்லை. இங்ரிட்டின் தொப்பிதான் மணக்கிறது என்று ஒருநாள் வந்து சொன்னாள். இங்ரிட்டிடம் அதைச் சொல்லவில்லையாம்.

பனி கரைந்து தெருக்களில் தண்ணீர் ஓடத் தொடங்கியபோது தனுஷா ரயிலில் வந்து இறங்கினாள். கண்களுக்குக் கீழே கருவளையம். வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போனவளைத் துஷ்யா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அங்கை இல்லை, அம்மா. இஞ்ச."

தனுஷா மேடையையும் விரித்திருந்த பாயையும் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "எனக்குக் கால் நீட்ட இடம் காணாது," என்றாள்.

"மடிச்சுக்கொண்டு படுங்கோ. அப்பாவுக்கு நல்லாத் தெரியும்."

அவள் சிரித்துக்கொண்டே ஏறிப் படுத்தாள். சுரேன் தண்ணீரை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தான். துஷ்யா கதிரையில் ஏறி நின்று, தன் சின்ன உள்ளங்கையைத் தாயின் நெற்றியோரத்தில் அணையாக வைத்தாள். "பயப்பிடாதேங்கோ," என்றாள்.

தனுஷா கண்களை மூடினாள்.