பிஸ்கட் பொட்டலத்தில் பெல்பாட்டம்

1

இந்தக் கதையை ஒரு பிஸ்கட் பொட்டலத்திலிருந்து எடுத்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கதாசிரியன் என்று சொல்லிக்கொள்பவன் வாழ்க்கையிலிருந்து எடுக்கலாம், வரலாற்றிலிருந்து எடுக்கலாம். எனக்குக் கிடைத்தது தேங்காய் பிஸ்கட்.

முதல் தொடக்கம்: 'அந்த மாலையில் எழுத்துகள் நடனமாடத் தொடங்கின, காற்றில் ஒரு' (வேண்டாம். எழுத்துகள் நடனமாடும் கதையை நானே இரண்டாம் வரியில் மூடிவிடுவேன்.)

இரண்டாவது: என் தங்கை எழுத்துரு வரைகிறவள்.

இது நிற்கிறது. மேலே போகலாம்.

2

அவள் கடைசியாக வரைந்த எழுத்துருவின் பெயர் பெல்பாட்டம். எழுத்தின் கால்கள் மேலே ஒல்லியாகத் தொடங்கி, அடியில் மணிபோல விரியும். பொம்மைக்கடைப் பலகை, ஐஸ்கிரீம் வண்டி, பழைய பாட்டுக் கச்சேரியின் சுவரொட்டி எல்லாவற்றுக்கும் பொருந்தும். மருந்துச் சீட்டுக்கு ஆகாது. சின்னதாகப் போட்டால் ஒரு எழுத்து இன்னொன்றின் காலை மிதிக்கும். "தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னு, கண்ணாடி போடாம படிக்கணும். அதுக்குத்தான் இது" என்பாள்.

வடிவம் எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் நில அளவையராக இருந்து ஓய்வுபெற்றவர். இருபத்தோரு வயதில் ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்று உண்டு. முகத்தைவிடப் பெல்பாட்டம் கால்சட்டையின் அடி பெரியது. அந்தப் படத்தை எழுத்துருவின் அறிமுகப் பக்கத்தில் போட்டு, 'கால்கள் உதவி: என் அப்பா' என்று எழுதினாள். அப்பாவின் பழைய அலுவலக நண்பர்கள் அதைக் கைபேசி கைபேசியாக அனுப்பிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை. எட்டு மாதம்.

[இங்கே அப்பாவின் கோபத்தை விளக்கி ஒரு பத்தி எழுதியிருந்தேன். 'கௌரவம்' என்ற சொல் அதில் மூன்று முறை வந்தது. அடித்துவிட்டேன். ஏன் என்பது ஐந்தாம் பகுதியில்.]

3

எழுத்துரு வரைகிறவர்கள் வடிவத்தைப் பார்க்க ஏதாவது ஒரு மாதிரி வரியைத் தட்டிப்பார்ப்பார்கள். கை பழகிய வரி. என் தங்கையின் கைக்கு எட்டு மாதமாகப் பழகியிருந்தது: 'அப்பா, கோபம் போதும்.'

பேக்கரிக்காரர் புதிய பிஸ்கட்டுக்கு உறை கேட்டார். மாதிரி வரியோடு அனுப்பினாள். பெயர் முடிவானதும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், மறந்தாள். இரண்டு முறை சரிபார்த்தாள், ஆனால் எழுத்தின் வளைவைப் பார்த்தாள். பேக்கரிக்காரர் நிறத்தைப் பார்த்தார். அச்சகக்காரர் ஓரத்தைப் பார்த்தார். ஒருவரும் படிக்கவில்லை. பொட்டலங்கள் கடைகளுக்குப் போன பிறகுதான் பேக்கரிக்காரர் அவளுக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, பிஸ்கட் பேர் எங்கம்மா?"

"ஐயோ."

"ஐயோன்னு கூட இல்ல. அப்பான்னு இருக்கு."

4

இங்கே எனக்கு என் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வருகிறது. நிஜமாகவே மறந்தாளா? வேண்டுமென்றே செய்திருந்தால் கதை அழகாக இருக்கும். கேட்டேன்.

"லூசா அண்ணா நீ? ஒரு தடவ போட்டோ போட்டதுக்கே எட்டு மாசம். இப்ப பொட்டலத்துல போட்டிருக்கேன். மறுபடியும் என்னைக் காட்சிப்பொருள் ஆக்கிட்டான்னு நினைச்சார்னா, இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டார்." மூக்கை உறிஞ்சினாள். "எல்லாத்தையும் திரும்ப வாங்கச் சொல்லிட்டேன். அவர் கண்ணுல ஒண்ணுகூடப் படக்கூடாது."

என் கையிலிருந்த பொட்டலத்தையும் பிடுங்கிக்கொண்டாள்.

(நான் இரண்டு வாங்கியிருந்தேன்.)

5

அந்த இரண்டாவதை அப்பாவின் மேசையில் வைத்தது நான்தான். துணிச்சல் என்று எழுத ஆசை. வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டவன் அந்தச் சொல்லுக்குத் தகுதியில்லை.

வெளியே வந்தபோது அப்பா பொட்டலத்தின்மேல் ஸ்கேலை வைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க வாடா. மேல ஒரு பங்கு, அடியில மூணு பங்கு. பாத்தியா?"

"என்னப்பா?"

"என் பேண்ட் ரெண்டு பங்குதான். இவ மூணு போட்டிருக்கா. அன்னைக்கே சொல்லலாம்னு பாத்தேன், அதுக்குள்ள அத்தனை பேரும் சிரிச்சுட்டானுங்க."

"எட்டு மாசமா இதுக்காப்பா பேசாம இருந்தீங்க?"

"முப்பத்தஞ்சு வருஷம் நிலம் அளந்தவன்டா நான். என் பேரைச் சொல்லித் தப்பான அளவு ஊரெல்லாம் சுத்துது!"

அவருடைய மூக்குக்கண்ணாடி அடுத்த அறையில் இருந்தது. ஆக அவரும் வடிவத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

"அளந்தது போதும்ப்பா. என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

பொட்டலத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தார். கண்ணாடி தேவைப்படவில்லை. மூன்று சொற்களுக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"எத்தனை அடிச்சிருக்கா இப்படி?"

"ஐயாயிரம்."

பொட்டலத்தை மேசையில் நிமிர்த்தி வைத்தார். "போன் போடு அவளுக்கு."

6

முடிவுகளை யோசித்துப்பார்த்தேன். ஒன்று: அவள் அழ, அவரும் அழ, நான் பிஸ்கட் தின்ன, திரை. (எனக்குப் பிடித்தது. ஆனால் அப்பா படித்தால் திட்டுவார்.) இரண்டு: அவர் அளவைப் பற்றி மட்டுமே பேச, அவள் புதிதாகச் சண்டை பிடிக்க, சண்டையாவது நடக்கிறதே என்று நான்

எழுதப்போவதில்லை. இதுவரை எல்லாவற்றையும் நான்தான் நடுவில் நின்று சொன்னேன். அவர்கள் இருவருக்கும் இனி அது வேண்டாம். கைபேசியை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டு நகர்கிறேன். நீங்கள் இருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மணி போகிறது. அப்பா ஸ்கேலை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டார்.