கெட்டிக்காரப் பிள்ளைகளின் வகுப்பு

காஜிமார் தெருவை ஒட்டிய சந்தில் ஹாஜராவுக்கும் லலிதாம்பாளுக்கும் எதிரெதிர் வீடு. ஹாஜராவின் கணவர் சேக் இஸ்மாயில் தொப்பிக் கடை வைத்திருந்தார். லலிதாம்பாள் வீட்டில் நூலுக்குச் சாயம் போடும் தொழில். வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார்கள், வெளியே தமிழ். இரண்டு வீட்டிலும் ஐந்து வயதில் ஒரு பெண் இருந்தாள். ஹாஜராவின் மகள் சைனப், லலிதாம்பாளின் மகள் பத்மாசினி. சோறு தின்னும் நேரம் தவிர இருவரையும் தனித்தனியே பார்க்க முடியாது.

1938 கோடையில், வைகைக்கு வடகரையிலிருந்த பெண்கள் பள்ளியில் புதிதாக ஒரு வகுப்பு தொடங்கப்போவதாகச் செய்தி வந்தது. சின்னப் பிள்ளைகளில் கெட்டிக்காரிகளாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து, கடைசி வகுப்பு வரை பள்ளிச் சம்பளம் கட்டாமல் படிக்க வைப்பார்களாம். பொறுக்குவதற்கு மெட்ராஸிலிருந்து ஒரு அம்மா வருகிறார். எழுதவோ படிக்கவோ சொல்லமாட்டார். படத்தையும் மரக்கட்டையையும் காட்டிக் கேள்வி கேட்பார்.

பெயர் கொடுக்கப் போன அன்றே தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"வீட்டில் யாரும் பிள்ளைகளைப் பழக்கக் கூடாது. அவர்களுடைய சொந்த அறிவுதான் எங்களுக்கு வேண்டும். பழக்கிக் கூட்டி வந்தது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம்."

இருவரும் தலையாட்டினார்கள். ஜட்கா வண்டியில் திரும்பும்போது லலிதாம்பாள், "சொல்லிக்குடுக்க நமக்கு என்னத்தத் தெரியும்?" என்றாள்.

"ஆமாக்கா" என்றாள் ஹாஜரா. வீடு வந்து சேரும்வரைக்கும் அதை நம்பவும் செய்தாள்.

சில நாளிலேயே லலிதாம்பாள் வீட்டுக் கதவு மத்தியான வேளைகளில் சாத்தியே கிடந்தது. உள்ளேயிருந்து டொக் டொக்கென்று கட்டை மோதும் சத்தம் வந்தது. சாயத்தொட்டியில் அப்படிச் சத்தம் வராது என்று ஹாஜராவுக்குத் தெரியும்.

"என்னக்கா, பட்டப்பகல்ல கதவ அடைச்சிர்றீக?"

"வெயிலு ஹாஜரா. தாங்க முடியல."

போன வருஷமும்தான் வெயில் அடித்தது. அப்போது யாரும் கதவை அடைக்கவில்லை.

மறுநாள் சைனபை விளையாட அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டாள்.

"அங்க என்ன வெளையாண்டீக?"

"சும்மா."

"சும்மான்னா? கட்டை இருந்துச்சா?"

சைனப் பாவாடை நுனியைச் சுருட்டினாள். "பத்மா அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க."

ஹாஜராவுக்குப் புரிந்துவிட்டது. என் மகளையே வாயடைத்து வைத்திருக்கிறாளே இந்த அக்கா! அன்று கணவர் சாப்பிட வந்தபோது, "ஏங்க, கடையில தொப்பிக்கு வைக்கிற அட்டை மிச்சம் கெடக்கா?" என்று கேட்டாள்.

"எதுக்குப் புள்ள?"

"சும்மா."

சேக் இஸ்மாயில் ஒரு கட்டு அட்டை கொண்டுவந்து போட்டார். ஹாஜரா அதில் வட்டம், சதுரம், முக்கோணம், பிறை, நட்சத்திரம் என்று வெட்டினாள். வெட்டிய பள்ளத்தில் அதனதன் துண்டைப் பொருத்த வேண்டும். சைனப் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே பொருத்தும் அளவுக்குத் தேறிவிட்டாள். ஹாஜரா கரித்துண்டால் காதில்லாத ஆடும் கைப்பிடியில்லாத குடையும் வரைந்து காட்டினால், எது குறைகிறதென்று உடனே சொன்னாள்.

"இங்க பாரு, இதெல்லாம் தெரியும்னு யார்ட்டயும் காட்டிக்கக் கூடாது. என்ன?"

"பத்மாகிட்டயுமா?"

"அவகிட்டதான் முக்கியமா."

ஒருநாள் லலிதாம்பாள் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிட்டாள். கொஞ்சம் புளி வேண்டுமாம். ஹாஜரா அட்டைகளைத் தலையணைக்கடியில் தள்ளினாள். தரையில் கிடந்த கத்தரிக்கோலையும் அட்டைச் சிதறலையும் லலிதாம்பாள் கண்கள் நிதானமாகப் பார்த்தன.

"தொப்பிய வீட்லயே தைக்கிறீகளோ?"

"கடையில வேலை அம்புட்டுக் கெடக்குக்கா" என்றாள் ஹாஜரா. புளியை வாங்கிக்கொண்ட பிறகும் லலிதாம்பாள் சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் போனாள். அக்கா வீட்டில் புளி தீர்ந்ததே இல்லையே, இன்றைக்கு எப்படித் தீர்ந்தது என்று ஹாஜரா யோசித்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சை நாளன்று இரண்டு வீட்டாரும் ஒரே ஜட்காவில் போனார்கள். தனித்தனியாகப் போனால் ஊர் பேசும். ஹாஜரா வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்தியிருந்தாள். பிள்ளைகள் இருவரும் கைகோத்துக்கொண்டு குதிரையின் வாலைப் பார்த்துச் சிரித்தார்கள். தாய்மார்கள் ஆளுக்கொரு பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

முதலில் பத்மாசினியை அழைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். அடுத்து சைனப். ஹாஜரா ஜன்னலோரம் நின்று காதைக் கொடுத்தாள்.

"இந்தக் கட்டை எந்தப் பள்ளத்தில் பொருந்தும், பாப்பா?"

சைனப் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியவில்லையா?"

"தெரியும்."

"அப்படியானால் வைத்துக் காட்டு."

"மாட்டேன். யார்ட்டயும் காட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு."

ஹாஜராவை உள்ளே கூப்பிட்டார்கள். மெட்ராஸ் அம்மா கோபப்படவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வீட்டில் பழக்கினீர்களா?"

"ஆமாம்மா." பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"விதி தெரியுமல்லவா? இவளை எடுத்துக்கொள்ள முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இவளுக்கு முன்னால் வந்த பெண்ணும் மிகவும் வேகமாகச் செய்தாள். நீங்கள் எதிர் வீடுதானே? அவளுக்கும் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?"

டொக் டொக் சத்தம் ஹாஜராவின் காதுக்குள் கேட்டது. சொல்வதற்கு ஒரு வார்த்தை போதும். ஜன்னலுக்கு வெளியே லலிதாம்பாள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாஜரா காட்டிக்கொடுக்கத்தான் போகிறாள் என்று அவள் முகம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு பத்மாசினி நின்றாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றாள் ஹாஜரா.

திரும்பும் வழியில் சைனப் தாயின் மடியில் அழுதுகொண்டே தூங்கிப்போனாள். "நான் சரியாத்தானம்மா சொன்னேன்?" என்று தூங்குமுன் அவள் கேட்டதற்கு ஹாஜராவால், "சரியாத்தான் சொன்ன" என்று மட்டுமே சொல்ல முடிந்தது.

பத்மாசினிக்கு இடம் கிடைத்தது. சைனபைப் பக்கத்துத் தெரு முனிசிபல் பள்ளியில் சேர்த்தார்கள். அதன்பின் லலிதாம்பாள் மகளை விளையாட அனுப்பவில்லை. ஹாஜரா தண்ணீர் எடுக்க வெளியே வந்தால் அவள் உள்ளே போய்விடுவாள். எந்த நேரத்தில் பள்ளியிலிருந்து மகளைத் திருப்பி அனுப்புவார்களோ என்று அவள் காத்திருப்பதாகத் தோன்றியது.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சாயங்காலம் லலிதாம்பாளே வந்தாள். உட்காரவில்லை.

"அன்னைக்கு ஒன்னய உள்ள கூப்புட்டு என்ன கேட்டாக?"

"பத்மாவுக்கும் பழக்குனாகளான்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னேன்."

"ஒனக்குத்தான் தெரியுமே."

"தெரியும்."

"பெறகு ஏன் சொல்லல?"

ஹாஜரா சைனபின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். "என் மக எடம் போச்சு. ஒங்க மகளையும் பிடிச்சு இழுத்தா அது திரும்பி வந்துருமாக்கா?"

லலிதாம்பாள் வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள். உள்ளே வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"நானா இருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் முழுசாக நம்பினாளா என்பது ஹாஜராவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் மறுநாள் பள்ளி விட்டதும், புதுச் சீருடையைக்கூட மாற்றாமல், பத்மாசினி விளையாட வந்தாள்.