ஒன்பதாவது பாதையைக் கீழிருந்து எழுதுதல்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரு கோபக் கடிதத்தில் பிறந்தது. கடிதம் எழுதியது நான்தான்.

'மிதித்துப் பார்க்கப் பதினொரு பாதைகள்' என்று ஒரு கையடக்கப் புத்தகம். எங்கள் வட்டாரத்தில் சைக்கிளில் போக அழகான பாதைகள் எவை, எங்கே நிழல், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று எல்லாம் இருக்கும். ஒன்பதாவது பாதைக்கு நேரே 'எளிது. எல்லா வயதினருக்கும்' என்று போட்டிருந்தது. நம்பிப் போனேன். ஏழு வளைவுகள். ஐந்தாவதில் நாக்கு வெளியே தள்ளிவிட்டது. வீட்டுக்கு வந்து சூடு ஆறுவதற்குள் எழுதிப் போட்டேன்: 'அம்மா, இந்தப் பாதையில் நீங்கள் சைக்கிள் மிதித்தீர்களா, உருண்டு வந்தீர்களா?'

[நான் நான்காவது வளைவிலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டேன். கடிதத்தில் அதைச் சொல்லவில்லை.]

2

தொடக்கம் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'மலைமேல் பனி ஒரு...' வேண்டாம். பனி என்று எழுதினாலே கை தானாக உவமை தேடும்.

'அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, முழங்காலில்...' இதுவும் வேண்டாம். முழங்காலில் ஆரம்பித்தால் வாசகர் ஆஸ்பத்திரிக்குத் தயாராகிவிடுவார்.

மூன்றாவது, சைக்கிள் கடை. இதை வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் புத்தகத்தை எழுதியவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் 'பாதைக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். என் கடிதத்தைப் படித்துப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, வண்டியைச் சர்வீஸுக்கு விடப் போனாள். கடைக்காரர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? ஒம்போது வருஷமா உங்க வண்டிய நான்தான் பாக்கறேன். பிரேக் கட்டை வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்தறோம். செயின் மட்டும் கடையில வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு. அது எப்படி?"

பாதைக்காரிக்குச் சுருக்கென்றது. அவள் கணவர் வேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளை வேனில் ஏற்றி, அவளைப் பாதையின் மேல்முனையில் இறக்கிவிடுவார். பிறகு கீழ்முனைக்குப் போய்ப் பேப்பர் படித்தபடி காத்திருப்பார். அவள் இறங்கி வருவாள், வரும் வழியில் குறித்துக்கொள்வாள். பதினொரு பாதைகளும் இப்படித்தான். இறங்கும்போது எளிதாக இருந்தது, எளிது என்று எழுதினாள். அந்தப் பாதைகளுக்கு ஏற்றம் என்று ஒன்று உண்டு என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

3

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒன்பது வருஷம் ஒருத்திக்கு இது தெரியாமல் இருக்குமா? வரைவை மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"நம்பற மாதிரி இல்லைல்ல?" என்றேன்.

"நீங்க இருபத்தாறு வருஷமா காபி குடிக்கறீங்க. நம்ம வீட்டுக்குப் பால் எங்கேருந்து வருதுன்னு சொல்லுங்க பாப்போம்."

சந்தேகம் தீர்ந்தது. மேலே போவோம்.

4

அன்று மாலை. சாப்பாட்டு மேஜையில் மூன்றாம் பதிப்பின் மெய்ப்புத் தாள்கள். திங்கட்கிழமைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். கணவர் கடிதத்தைப் படித்துவிட்டு வெகு சுலபமாக வழி சொன்னார்.

"'எளிது'ங்கறத அடிச்சுட்டு 'கடினம்'னு போடு. ஒரே வார்த்தை. இதுக்குப் போய் சாப்பிடாம உக்காந்திருக்கியே."

"ஏறிப் பாக்காம கடினம்னு எப்படிங்க போடறது? அதுவும் உருண்டு வந்தவ எழுதினதாத்தானே இருக்கும்."

"அப்ப என்ன பண்ணலாங்கற?"

"ஞாயித்துக்கிழமை கீழேருந்து ஏறறேன். நடுவுல ஒரு தடவை கால் தரையில பட்டாலும், அட்டையிலேருந்து என் பேர எடுத்துடச் சொல்லிடறேன்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். அவள் பெயர் அச்சில் வந்த ஒரே இடம் அந்த அட்டைதான் என்பது அவருக்குத் தெரியும். வேனில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுகிறவரே அவர்தான்.

"நம்ம முழங்கால் இருக்கற நிலமைக்கு..."

"என் முழங்கால நான் பாத்துக்கறேன். நீங்க வேனப் பாருங்க."

[கல்யாணமாகி இவ்வளவு காலத்துக்குப் பிறகு முழங்கால்கூடக் கூட்டுச் சொத்தாகிவிடுகிறது.]

5

ஞாயிறு காலை. முதல் இரண்டு வளைவுகள் கியரின் தயவில் போயின. மூன்றாவது வளைவில், கல் வெட்டிக் கைவிட்ட குவாரி. புத்தகத்தில் அவள் அதை 'வலப்புறம் ஒரு பள்ளம், கவனம்' என்று எழுதியிருந்தாள். இறங்கும்போது கண் சாலையிலும் கை பிரேக்கிலும் இருக்கும், அவ்வளவுதான் தெரிந்தது. இன்று ஆமை வேகத்தில் ஏறினாள். பள்ளம் முழுக்கப் பச்சைத் தண்ணீர், அதன் மேல் நாரைகள், எதிர்ச்சுவரில் பாறையைப் பிளந்து வளர்ந்த ஒரு மரம். இருபது மிதி தூரத்துக்கு அது கூடவே வந்தது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கூடவே வெட்கமாகவும் இருந்தது.

நான்காவது வளைவு.

[இங்கே இரண்டு நாள் நின்றுவிட்டேன். மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் செயின் கழன்றுகொள்கிறது. இன்னொன்றில் கணவர் வேன் கதவைத் திறக்கிறார், அவள் சிரித்துக்கொண்டே ஏறிக்கொள்கிறாள். இதைப் பக்குவமான முடிவு என்று நாலு பேர் பாராட்டுவார்கள். மூன்றாவதில் அவள் இறங்கி, என்னைப் போலவே, மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளு... எதற்கு மறைக்க? எனக்குப் பொறாமை. நான் இறங்கிய இடத்தில் அவள் இறங்காமல் போவதா என்ற எரிச்சல். மூன்றையும் அடித்துவிட்டேன்.]

அவள் நான்காவதைத் தாண்டினாள். ஐந்தாவதில் வேன் பக்கத்தில் ஊர்ந்து வந்தது.

"போதும்மா. வந்து ஏறிக்கோ."

பதில் சொல்ல மூச்சில்லை. ஒரு கையை எடுத்து, முன்னால் போங்கள் என்று சைகை காட்டினாள். ஹேண்டில் வெட்டியது. இடது கால் பெடலிலிருந்து நழுவியது. செருப்புக்கும் தாருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்திருக்கும். பெடல் சுற்றி வந்து காலை வாங்கிக்கொண்டது. வேன் கொஞ்சம் முன்னால் போய் ஊர்ந்தது.

ஆறு. ஏழு. உச்சியில் தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றியிருந்த கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். கணவர் வேனை விட்டு இறங்கி ஓடி வந்தார். தான் அழவில்லை என்று பிறகு போனில் என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

"நாப்பத்தேழு நிமிஷம். ஜெயிச்சுட்ட. கீழ இறங்கு."

"இருங்க. முதல்ல எழுதிக்குங்க."

சீட்டில் இருந்தபடியே அவள் சொல்லச் சொல்ல, அவர் பேப்பர் ஓரத்தில் எழுதினார்:

'ஒன்பதாவது பாதை. கீழிருந்து மேலே நாற்பத்தேழு நிமிடம். கடினம். மூன்றாவது வளைவில் குவாரிக் குளம். ஏறுகிறவர்களுக்கு மட்டுமே முழுதாகத் தெரியும். எழுதியவள் இறங்கவில்லை.'

6

திங்கட்கிழமை மெய்ப்பு அச்சகத்துக்குப் போனது. அட்டையில் பெயர் அப்படியே இருந்தது. ஆனால் மற்றப் பத்துப் பாதைகளின் கீழும் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது: 'கீழிருந்து இன்னும் ஏறவில்லை.'

"வழிகாட்டிப் புத்தகத்துல இப்படியெல்லாம் யாருங்க போடுவாங்க?" என்றார் அச்சகக்காரர்.

"போட வேண்டாம்னா, நான் ஏறி முடிக்கற வரைக்கும் மெஷின நிறுத்தி வைங்க."

நிறுத்தி வைத்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. கணவர் கொஞ்ச நேரம் பேசிவிட்டு அவளிடம் கொடுத்தார். திட்டப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"சார், நீங்க எத்தனாவது வளைவுல இறங்கினீங்க?"

சொல்லிவிட்டேன்.

"நாலு நல்ல இடந்தான். நிழல் இருக்கும்" என்றாள். "வர்ற ஞாயிறு பத்தாவது பாதை ஏறறேன். வர்றீங்களா?"

மீதிப் பத்தையும் அவள் ஏறி முடித்தாளா என்று நான் எழுதப் போவதில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து தொடங்குங்கள், அது போதும்.