மிலாறுப் புகை

முதல் நாள்தான் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையிலிருந்து கட்டிச் சுமந்து வந்த மிலாறு. பச்சைத் தேயிலைக் கிளை சும்மா பற்றிக்கொள்ளுமா? சுலக்ஷனா ஊத ஊத அடுப்பு புகையைத்தான் கக்கியது. லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், இருந்த ஒரே ஜன்னலையும் குளிருக்குப் பயந்து மாமியார் பேச்சியம்மா உரச்சாக்கால் அடைத்து வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் சுலக்ஷனாவின் நெஞ்சுக்குள் விசில் கேட்க ஆரம்பித்தது.

சின்ன வயதிலிருந்து கூடவே வளர்ந்த இழுப்பு அது. ராகலையில் பெண் பார்க்க வந்தபோது, "சொன்னா எவன்டி கட்டுவான்? வாய மூடிக்கிட்டு இரு" என்று அம்மா அடக்கிவிட்டாள். வினோஜன் தாலி கட்டி, லிந்துலைக்கு அழைத்து வந்து, கொழும்புக் கடை வேலைக்கும் போய்விட்டான். இழுப்பு மட்டும் போகவில்லை. மூச்சு மருந்து அடைத்த நீலப் பம்பைச் சீலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்து, கக்கூசுக்குள் கொண்டுபோய் இழுத்துக்கொள்வாள். தெரிந்தால் பெட்டியைக் கையில் கொடுத்து ராகலை பஸ்ஸில் ஏற்றிவிடுவார்களே என்ற பயம். மாமியாருக்கு ஏற்கெனவே ஏதோ சந்தேகம். போன மாதத்திலிருந்து இவளுக்கு மட்டும் தனிக் கோப்பையில் தேத்தண்ணி. அதைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவித் தனியே கவிழ்த்து வைக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் சுலக்ஷனா பம்பை இன்னும் ஆழமாகப் புதைத்து வைப்பாள்.

இன்றைக்குக் கக்கூஸ் வரைக்கும் நடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் போக, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மா ஓடி வந்தாள்.

"அய்யய்யோ! என்னடி ஆத்தா பண்ணுது?"

"பம்பு... பெட்டியில... சீலைக்கு அடியில..."

பேச்சியம்மா பெட்டியையே தலைகீழாகக் கொட்டினாள். சுலக்ஷனா பம்பை அழுத்தி இழுத்து, மூச்சை அடக்கி, விட்டு, மறுபடியும் இழுத்தாள். மெல்ல மெல்ல நெஞ்சு இளகியது. பயம் இளகவில்லை.

"இது என்னாத்துக்குடி?"

"இழுப்புங்க மாமி. சின்னதுல இருந்தே இருக்கு. எங்கம்மாவ ஏசாதீங்க..."

"இழுப்பா? வெறும் இழுப்பு தானா?"

பேச்சியம்மா தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. "அடிப்பாவி! ஒளிஞ்சி ஒளிஞ்சி இருமுனியே, ஒன் மாமனாரக் கொண்டுபோன சயரோகந்தான் ஒன்னையும் புடிச்சிருச்சோன்னு நான் தூங்கவே இல்லடி. கேட்டா பயந்துருவன்னு வாயத் தொறக்கல. வினோஜன்கிட்டயும் மூச்சு விடல."

இத்தனை நாளும் எதற்குச் செத்துச் செத்துப் பிழைத்தோம் என்று சுலக்ஷனாவுக்கும் குபீரென்று அழுகை பொங்கியது. என்ன நிம்மதி, அப்பா!

அன்று இரண்டு பேருமே வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் நீலப் பம்பைப் பார்த்துவிட்டு, "இதோட மண்ணு கலர் பம்பும் குடுத்திருப்பாங்களே, அது எங்க?" என்று கேட்டாள்.

"பெட்டியில இருக்குங்க. நல்லா இருக்கப்ப எதுக்குன்னு பிரிக்கவே இல்ல."

"நல்லா இருக்கத்தான் அது! இழுப்பு வராட்டியும் காலையிலயும் பொழுதுபட்டும் தெனமும் அடிக்கணும், அடிச்சிட்டு வாய் கொப்புளிக்கணும். நீலம் மூச்சு முட்டுறப்ப மட்டும். அடிச்சும் கேக்கலைன்னா, இல்ல அடிக்கடி தேவைப்பட்டா, ஒடனே இங்க வந்துருங்க. புகைக்கிட்ட போகவே கூடாது."

"குளிருதான் ஆகாதுன்னு நாந்தான் ஜன்னல அடைச்சேன்" என்றாள் பேச்சியம்மா, குரல் இறங்கி.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உரச்சாக்கைப் பிடுங்கி எறிந்தாள். அடுப்பு பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போனது. அதைப் பற்றவைப்பதும் இனி அவள்தான். பச்சை மிலாறு காயாமல் அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டாள்.

சில வாரம் கழித்து ஒருநாள், மலையில் கொழுந்து பறிப்பு மும்முரமாக ஓடிக்கொண்டிருந்த நேரம். மேல் தேயிலை நிரையிலிருந்து பேச்சியம்மாவின் குரல் மலையையே கிழித்தது.

"ஏ சுலக்ஷனா! காலையில பம்பு அடிச்சியாடி?"

நிரையில் நின்ற அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். கங்காணியும் பார்த்தார். சுலக்ஷனாவுக்குக் காது மடல் சுட்டது. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து நின்று, பனிக்காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சில் கத்தினாள்:

"அடிச்சிட்டேன் மாமீ! வாயும் கொப்புளிச்சிட்டேன்!"

பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து மலையில் கொழுந்தெடுத்தவர்களும் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.