திறந்த தேதி

மருந்துப் புட்டியைத் திறந்தால் அதில் தேதி எழுதாமல் கீழே வைக்க மாட்டாள் அந்த நர்ஸ். பதினோரு வருட வார்டு வேலையில் வந்த பழக்கம். வீட்டில் எண்ணெய் பாட்டிலிலிருந்து பற்பசைவரை எல்லாவற்றிலும் தேதி இருக்கும். "என் நெத்தியிலயும் கல்யாணத் தேதிய எழுதிடு," என்பான் கணவன்.

அன்று கேலியை ரசிக்கும் நிலையில் அவள் இல்லை. பதவி உயர்வுக்கான ஆன்லைன் தேர்வில், பதினெட்டாவது கேள்வியில் கரண்ட் போனது. புது பேட்டரி போட்டு நான்கு நாள்தானே ஆகிறது என்று தைரியமாக இருந்தாள். மூன்றே நிமிடத்தில் லேப்டாப் கண்ணை மூடிவிட்டது. ஆறு மாதம் தூக்கத்தைத் தொலைத்துப் படித்தது அதோடு போயிற்று. போனில் கெஞ்சியதில், நாளை பத்து மணிக்கு இன்னொரு வாய்ப்பு தந்தார்கள். அதுதான் கடைசி.

பேட்டரியைக் கழற்றினாள். 'புதியது' என்ற ஸ்டிக்கர் பளபளத்தது. ஒரு ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் உரித்தாள். அடியில் நீல மையில் மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. எழுத்து அவளுடையது.

பழையதைக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் புதிதை வாங்கியிருந்தாள். அதை உள்ளே எடுத்துப்போன கடைக்காரர் அதற்கே ஸ்டிக்கர் ஒட்டி மாட்டிக் கொடுத்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

நேரே கடைக்குப் போய் பேட்டரியை மேசைமேல் வைத்தாள்.

"ஒரிஜினல்தாம்மா அது," என்றார் கடைக்காரர்.

"ஆமா, என்னோட ஒரிஜினல். இது என் கையெழுத்து. எழுதிக் காட்டவா?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தார். "அவசரத்துல மாறிப் போயிருக்கும்."

"மாறிப் போனது தானாவே ஸ்டிக்கர் ஒட்டிக்கிச்சாக்கும்."

"வேற ஒண்ணு போட்டுத் தரேம்மா."

"உங்க கையால இனிமே எதுவும் வேண்டாம். பணத்த எடுத்து வைங்க. உங்க இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நாலு மணி நேரம். ஏம்மா?"

மறுநாள் பத்து மணிக்குக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது; உள்ளே லேப்டாப்பை இன்வெர்ட்டர் பிளக்கில் செருகி அவள் தேர்வுக்கு உட்கார்ந்திருந்தாள். தேர்வு எழுதும் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் கடைக்காரர் தன் கடைக்கு வெளியே வெயிலில் நின்றார். பத்தரைக்குத் தெரு முழுக்கக் கரண்ட் போனது. கடைக்குள் மட்டும் விளக்கு எரிந்தது. பதினெட்டாவது கேள்வியை முடித்து அவள் பத்தொன்பதுக்குப் போனாள்.

அந்த நேரத்தில் லேப்டாப்போடு ஒருவர் வந்தார்.

"பேட்டரி மாத்தணும். புதுசு இருக்கா?"

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் வந்தவர் பார்வை ஷட்டருக்குப் போய்விட்டது. அங்கே ஆஸ்பத்திரி பிளாஸ்டரில், நீல மையில் எழுதி ஒட்டியிருந்தது: 'பழைய பேட்டரியில் பெயரும் தேதியும் எழுதிவிட்டுக் கொடுக்கவும்.'

வந்தவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"பேனா இருக்கா?" என்று கேட்டார்.

கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.