மிதக்கிற சந்தை

“அம்மா எவ்வளவு தூரம் நடப்பாங்க?” என்று சுற்றுலா அலுவலகத்தில் இருந்த பெண் கேட்டாள். கேள்வி மோனிஷாவிடம்தான். பதில் அவள் அம்மா ரோசம்மாவிடமிருந்து வந்தது.

“நிக்காம நடக்கணுங்களா, நின்னு நின்னு நடக்கலாமுங்களா?”

வெண்மதி என்ற அந்தப் பெண் சிரித்துவிட்டாள். தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் இருந்தது அந்த அறை. படியேறி வரவே ரோசம்மாவுக்கு வெகுநேரம் பிடித்திருந்தது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு விட்டு, அடுத்த படியைப் புதிதாக அறிமுகமான ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு ஏறினாள். தண்ணீர்த் தொட்டியோரம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து அவள் நடை இப்படித்தான். மோனிஷாவுக்கு அந்த நடையோடு சேர்ந்து நடக்க வராது. பரிசோதனை நிலையத்தில் நாளெல்லாம் ரத்தம் எடுக்கிறவள். ஊசி போட்டதே தெரியவில்லை என்று எல்லோரும் சொல்லும் வேகக்கை. காலும் அப்படியே பழகிவிட்டது.

ரோம், லூர்து, பாத்திமா என்று போகும் திருயாத்திரைக் குழுவில் சேரத்தான் வந்திருந்தார்கள். பங்குக் கோயிலிலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். அம்மாவுக்கு அதைத் தவிர வேறென்ன ஆசை இருக்க முடியும் என்று மோனிஷா கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. நடக்க முடியாத இடங்களில் அம்மா பஸ்ஸிலேயே உட்கார்ந்துகொள்ளலாம் என்று வெண்மதி விளக்கிக்கொண்டிருந்தபோது, ரோசம்மா சுவரில் இருந்த ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அகலமான பழுப்பு ஆறு. ஆறு முழுக்கப் படகுகள். ஒரு படகில் பூசணிக்காய், ஒன்றில் அன்னாசி, ஒன்றில் முட்டைக்கோஸ்.

“இது எந்த ஊருங்க?”

“வியட்நாம்ங்கம்மா. தண்ணி மேலயே சந்த. படகுல உக்காந்தபடியே வாங்கலாம், விக்கலாம்.”

“அங்க போவலாம்,” என்றாள் ரோசம்மா.

அதியமான்கோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் மோனிஷா மெதுவாகக் கேட்டாள். “லூர்து வேணாமா? ஃபாதர் என்ன நெனப்பாரு?”

“மாதா நம்ம கோயில் கெபிலயே, அந்தக் கல்லுக் குகைக்குள்ளயே இருக்காங்க. தெனம் பாக்கறேன். என்னைய அவங்களுக்குத் தெரியும், அவங்கள எனக்குத் தெரியும்.” வெளியே பார்த்தபடி, “பாப்பாரப்பட்டி சந்தைல சாக்க விரிச்சு எத்தினி வருசம் தக்காளி வித்தேன். மழ வந்தா ஓடணும், வெயிலுக்குப் படுதா கட்டணும். ஒருக்காவாச்சும் உக்காந்திருக்கற எடமே நகந்து போச்சுன்னா எப்பிடி இருக்கும்னு நெனச்சிருக்கேன்,” என்றாள்.

மோனிஷா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சந்தையில் உட்கார்ந்துகொண்டு அம்மா இதையெல்லாம் நினைத்தாள் என்பது அவளுக்குத் தெரியாது. இறந்துபோன அப்பா சவரிமுத்துவுக்கும் தெரிந்திருக்காது.

அதன்பிறகு மத்தியானங்களில் வீட்டுக்குள் ஆறு ஓடத் தொடங்கியது. மோனிஷா செல்லில் தேடிக் கொடுத்த படகுச் சந்தை வீடியோவை ரோசம்மா திரும்பத் திரும்பப் பார்த்தாள். மோட்டார்ச் சத்தம், புரியாத மொழியில் கூவல், தண்ணீர் பலகையில் மோதும் ஒலி. அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் போவாள். விழித்ததும், “அவங்க ராத்திரி படகுலயேதான் படுப்பாங்களா? கொழந்த தண்ணில வுழுந்துடாதா?” என்பாள். கனவில் விட்ட இடத்திலிருந்து கேட்பதுபோல இருக்கும். மோனிஷாவும் வேலைக்கு நடுவே, யாரும் தன்னை அறியாத ஒரு தெருவில் கையை வீசி நடப்பதாக நினைத்துக்கொள்வாள். அந்தத் தெருவில் அவள் மட்டும்தான் இருப்பாள்.

பெங்களூரிலிருந்து அண்ணன் அந்தோணி பிரகாஷ் பேசினான். “அம்மாவ வச்சிக்கிட்டு எதுக்கு ரிஸ்க்கு? கூட வர்றவங்களுக்கும் தொல்லை. நீ மட்டும் போயிட்டு வா மோனி. அதுவரைக்கும் அம்மா என் வூட்ல இருக்கட்டும்.”

செல் ஸ்பீக்கரில் இருந்தது. ரோசம்மா புளியை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். மோனிஷா அம்மா பக்கம் திரும்பாமலே, பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“அவன் சொன்னது ஒனக்கும் தோணுச்சில்ல?” என்றாள் ரோசம்மா.

பொய் சொல்ல மோனிஷாவுக்கு மனம் வரவில்லை. “தோணுச்சும்மா.”

“தோணட்டும். தோணாம இருக்குமா? ஆனா நான் வருவேன்.”

கோபமில்லாமல் சொல்லிவிட்டுப் புளியைக் கரைத்தாள். அன்று சாயங்காலமே மோனிஷா வெண்மதிக்குப் போன் செய்தாள். மலைக்கோயில், சுரங்கம் எதுவும் இல்லாத, ஒரே விடுதியில் சில நாள் தங்குகிற, ஆற்றிலேயே அதிகம் போகிற குழு எது என்று கேட்டுக் கேட்டுப் பதிவு செய்தாள். புகழ்பெற்ற இடங்கள் பலவும் அதில் விட்டுப் போயின.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். வியட்நாமில் போய் இறங்கியபின் எல்லாம் நடைதான். குழுவில் இருந்த சேலத்துக்காரர்கள் முதல் நாள் பொறுமையாக நின்றார்கள். இரண்டாம் நாள் கடிகாரம் பார்த்தார்கள். “நீங்க போங்க சார், வந்துருவோம்,” என்று சிரித்துச் சிரித்துச் சொல்லி மோனிஷாவுக்குக் கன்னம் வலித்தது.

சந்தைக்குப் போன காலையில் ஆற்றின் மேல் பனி படிந்திருந்தது. அம்மாவைப் படகில் இறக்க இரண்டு பேர் கைகொடுத்தார்கள். உட்கார்ந்த பிறகு ரோசம்மாவிடம் நொண்டலே இல்லை. பனிக்குள்ளிருந்து படகுகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. அன்னாசி விற்கிறவள் தன் படகை அருகே ஓட்டிக்கொண்டு வந்து இவர்கள் படகின் கம்பைப் பிடித்தாள். ரோசம்மா ஒரு பழத்தைத் தூக்கி முகர்ந்து, சுண்டிப் பார்த்து, “இது வேணாம், அந்தக் கீழ இருக்கறத எடு,” என்று தமிழிலேயே சொன்னாள். அன்னாசிக்காரி கீழே இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். இருவருக்கும் அதில் ஆச்சரியம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு ஓடையொன்றில் சின்னத் துடுப்புப் படகுகளுக்கு மாற்றி, ஒரு பழத்தோட்டத்தின் கரையில் விட்டார்கள். மூங்கில் பாலங்கள் வழியே தோட்டத்தைச் சுற்றிவர வேண்டும். பாலத்தைப் பார்த்ததுமே ரோசம்மா, “நான் இங்கயே உக்காந்திருக்கேன். நீ நடந்துட்டு வா,” என்றாள். படகோட்டிப் பெண் நரைத்தவள், கூம்புத் தொப்பி போட்டிருந்தாள். தான் பார்த்துக்கொள்வதாகக் கையால் காட்டினாள்.

மோனிஷா நடந்தாள். முதல் பாலத்தில் திரும்பிப் பார்த்தாள், இரண்டாவதில் பார்க்கவில்லை. குழுவைத் தாண்டி, கொய்யா மரங்களைத் தாண்டி, ஈரமண் வழியில் கையை வீசிக்கொண்டு போனாள். யாரும் கூப்பிடவில்லை. உடம்பு முழுக்கக் காற்று புகுந்ததுபோல் இருந்தது. நடுவில் ஏனோ கண் நிறைந்தது, அதையும் துடைக்காமல் நடந்தாள்.

திரும்பி வந்தபோது கரையில் அந்தப் படகு இல்லை.

மோனிஷா தண்ணீர் விளிம்புவரை இறங்கிப் பார்த்தாள். குழுவோடு வந்திருந்த தமிழ் வழிகாட்டி ஓடி வந்தான். “அம்மாதான் மேடம், போலாம்னு கை காட்டினாங்களாம். அவங்க ரெண்டு பேரும் ஆத்துப் பக்கம் போயிருக்காங்க. கூப்பிடவா?”

மோனிஷா ஓடை பெரிய ஆற்றில் சேரும் இடத்தைப் பார்த்தாள். பனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. வெகுதூரத்தில் ஒரு சின்னப் படகு. துடுப்பு தூக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒரு கூம்புத் தொப்பி, அதற்கு எதிரே அம்மாவின் வெள்ளைத் தலை. தண்ணீர் தானாகவே அவர்களை நகர்த்திக்கொண்டிருந்தது.

“வேணாம்,” என்றாள்.

பலகைத் துறையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, காலைத் தண்ணீருக்குள் விட்டாள். படகு திரும்பவில்லை. பனி விலகிய இடமெல்லாம் ஆறு இன்னும் அகலமாகத் தெரிந்தது. வெள்ளைத் தலை ஒருமுறை பின்னால் சாய்ந்து வானத்தைப் பார்த்தது.