தலையணை உறையில் டயர் தடம்

படுக்கையறையிலிருந்து பஞ்சுப் போர்வையை இழுத்து வந்து, அடுப்பிலிருந்து இறக்கிய, பார்லி ஊறும் பெரிய பானைக்கு டெஸ்மண்ட் பிளகெட் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி நோலீன் குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதுக்கு என்ன, ஜுரமா?"

"சூடு அறுபத்தேழு டிகிரில நிக்கணும் நோலி. அப்பதான் பார்லியில இருக்கற மாவு சர்க்கரையா மாறும். இது விஞ்ஞானம்."

ஆஸ்திரேலியாவின் டூவூம்பா ஊரில் நகரசபைச் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர் டெஸ்மண்ட். பிறர் சமையலறையில் அழுக்கை விரலால் தேய்த்துப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். இப்போது, புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பின் தலைவர். பருவம் முடியும் நாளில் கிளப்புக்குப் பியர் கொண்டுவருவது வழக்கமாகப் பக்கத்து வீட்டு கீத்தான். கடையில் வாங்கிய பார்லிப் பாகு டின்னைத் திறப்பான், பாகை ட்ரம்மில் கொட்டுவான், சர்க்கரை, தண்ணீர், ஈஸ்ட், மூடி. அவ்வளவுதான். கிளப்பே குடித்துவிட்டு இன்னும் கேட்கும். அது பொறுக்காமல் ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் எழுந்தார். "டின்னைத் திறப்பதற்குப் பெயர் காய்ச்சுவதல்ல, நண்பர்களே. இந்த வருடம் நிஜமான பியரை நான் தருகிறேன்." பலத்த கைதட்டல். கீத்தும் தட்டினான்.

அதுவரை அவர் ஒரு சொட்டுக்கூடக் காய்ச்சியதில்லை. இது கெட்டுப்போனால், அத்தனை பேர் பார்க்க, கீத்தின் கையாலேயே கீத்தின் பியரை வாங்கிக் குடிக்க வேண்டும். போதாக்குறைக்கு, புதியவர்கள் முழுத் தானியத்தில் இறங்க வேண்டாம், பாதி தானியம் பாதி டின் பாகு போதும் என்று பியர் காய்ச்சும் புத்தகம் சொல்லிவிட்டது. அந்த இரண்டாவது பாதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாகு டின், ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துப் போர்வையை விலக்கினார். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய சாறு, கேரட் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. நக்கிப் பார்த்தார். இனிப்பு பெயருக்குக்கூட இல்லை. நோலீன் பானைக்குள் ஊறிய துணிப்பையிலிருந்து ஒரு பார்லி மணியை எடுத்துக் கடித்தாள்.

"முழுசா இருக்கே டெஸ். இதை உடைக்க வேண்டாமா?"

கடைக்காரப் பெண் "உடைச்சுத் தரவா?" என்று கேட்டது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சோம்பேறிகளுக்கான சலுகை என்று நினைத்து, பழைய ஆய்வாளர் குரலில் "என் வேலையை நானே செஞ்சுக்குவேம்மா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

சப்பாத்திக் கட்டையில் ஊறிய பார்லி ஒட்டிக்கொண்டு வந்தது. மிக்ஸியில் போட்டால் உமி தூளாகிக் கசக்கும் என்று புத்தகம் பயமுறுத்தியிருந்தது. நோலீன் ஒரு தலையணை உறையையும் கார் சாவியையும் எடுத்தாள்.

வாசல் சிமெண்டில், தலையணை உறையில் கட்டிய பார்லி மூட்டை கிடந்தது. கார் அதன் மேல் ஏறி இறங்கியது. விமானத்துக்கு வழிகாட்டுகிறவர் போல டெஸ்மண்ட் இரு கைகளையும் ஆட்டினார். வேலிக்கு மேல் கீத்தின் தொப்பி முளைத்தது.

"தலைவரே, யாரைக் கொல்றீங்க?"

"பார்லி உடைக்கிறோம்."

"ஓ, நிஜ பியரு! ஆனா இவ்வளவு கொஞ்சம் வச்சு ட்ரம் ரொம்பாதே?"

டெஸ்மண்ட் வானத்தைப் பார்த்தார். கார் ஜன்னலிலிருந்து நோலீன் சொன்னாள்: "மீதி டின்னுல இருக்கு கீத். ரொட்டி டப்பாவுக்குப் பின்னால."

கீத் சிரித்த சிரிப்பில் அவன் கையிலிருந்த தேநீர் வேலிக்கொடிக்குப் போனது. இனி ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கீத் வாசலில் குனிந்து நின்றான்.

"நோலி, சக்கரம் ஓரத்துல போகுது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம் ஒடி."

உடைத்த பார்லி மறுபடி சூட்டில் ஊறியது. இம்முறை சாறு பழுப்பாகி விரலில் ஒட்டியது. டின்னைத் திறந்தவன் கீத். டெஸ்மண்ட் கரண்டியை எடுத்து நீட்டினார்.

மறுநாள் துணி துவைக்கும் அறையில், சாறும் பாகும் ஈஸ்ட்டும் கலந்து மூடி வைத்த ட்ரம் சத்தமில்லாமல் இருந்தது. அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் டெஸ்மண்ட். கீத் யாரும் கூப்பிடாமலே வந்து எட்டிப் பார்த்தான்.

"ஈஸ்ட் செத்துப்போச்சா தலைவரே?"

"வாயை மூடிக்கிட்டு உக்காரு."

உட்கார்ந்தான். வெளியே கொடியில், எவ்வளவு துவைத்தும் போகாத டயர் தடத்தோடு, தலையணை உறை காற்றில் உப்பித் தெருவுக்கே கையாட்டிக்கொண்டிருந்தது. ஈஸ்ட் வேலை செய்தால் வாயு குமிழியிட்டு வெளியேறும் ட்ரம் மூடியின் நீர்க்குழலில் ஏதோ அசைந்தது. 'ப்ளக்' என்று ஒரு குமிழ் வெடித்தது.

அடுத்ததற்காக இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.